கவுண்டரில் செல்வி, லோரியில் நான்

3 மார்ச், திங்கள்
விடியற்காலை மழை. லோரி கூரை ஒழுகல். பின்னால் இருந்த ஐஸ்பெட்டி நனையவில்லை, நான் நனைந்தேன்.

கோலசிலாங்கூரிலேயே முதல் கம்ப்யூட்டர் எங்கள் முதலாளி தவுக்கேயின் மின்சாமான் கடைக்குத்தான். (நான் சொன்னால் சரி.) நாலு பேர் இறக்கினோம். என் மூலை மட்டும் யானை எடை. அதன்முன் உட்காரப்போவது அக்காள் மகள் செல்வி. ரிப்பேர் புகாரைத் தட்டினால், சாமான் எப்போது விற்றது, முன்பு என்ன கோளாறு, எல்லாம் பச்சை எழுத்தில் வரும். சின்னக் கோளாறுக்கு அவளே முடிவெடுக்கலாம்.

“தவுக்கேய கேக்க வேணாம் மாமா. நானே ஓகே சொல்லலாம்.” சொல்லும்போதே நாற்காலியில் அரை அடி உயர்ந்தாள்.

5 மார்ச், புதன்
புக்கிட் பெலிம்பிங் தோட்டத்துப் பக்கம் டெலிவரி. வழக்கம்போல் தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்து முனையில் சனங்கள் லோரியை மறித்தார்கள். ஓடாத விசிறிகள், சுடாத அயர்ன் பெட்டி. “அண்ணே, நீங்களே தவுக்கேகிட்ட சொல்லிடுங்க.” சக்கரவர்த்திக்கும் இத்தனை மனு வந்திராது. காணிக்கை: பலாச்சுளை, அவித்த மரவள்ளி. சாமான்களை நேராகக் கடைப் பின்கட்டு மெக்கானிக்கிடம் சேர்த்தேன்.

14 மார்ச், வெள்ளி
கொளுத்தும் வெயில். டயருக்குக் காற்று.

செல்வி மதியம் சாப்பிடவில்லை. கவுண்டருக்கு ஆளே வருவதில்லை, திரை காலி. மாதக் கடைசிவரை இப்படியே இருந்தால் அவளை நிறுத்திவிடுவாராம் தவுக்கே. அப்புறம் ரவாங் தொழிற்சாலைதான்.

“சனமெல்லாம் எங்கடி போவுது?”

“உங்க லோரிக்குத்தான் மாமா.”

வாங்கித் தின்ற பலாச்சுளைகளை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.

17 மார்ச், திங்கள்
லயத்தில் பிரகடனம்: இனி லோரியில் புகார் வாங்கப்படாது. ஒரு விசிறி ஏற்றினாலும் கம்ப்யூட்டருக்குத் தெரிந்து நாலு சக்கரமும் கழன்றுவிடும் என்றேன். சிரித்தார்கள்.

தோட்டத்து வேலையை மேய்க்கும் மண்டோரின் மனைவி லெட்சுமிதான் எதிர்க்கட்சி. “சின்னப் பொண்ணுகிட்ட சொல்லி என்னா ஆவப் போவுது லா? பெரியவங்க சொன்னாத்தான் நடக்கும்.” அவர் ஐஸ்பெட்டிக் கதவு மூடுவதில்லை, பால் கெடுகிறது. பெட்டியை ஏற்றினேன். கவுண்டரில் சொல்ல அவரையும் ஏற்றினேன்.

கவுண்டர். செல்வி தட்டினாள், படித்தாள். “போன வருஷமும் இதே கதவுதாங்க்கா. புது ரப்பர் போட்டுத் தர்றோம், இன்னிக்கே. காசு வேணாம்.” லெட்சுமி உள்ளறையைப் பார்த்தபடி நின்றார், தவுக்கே வரட்டும் என்று. யாரும் வரவில்லை.

“அவ்ளோதானா?”

“அவ்ளோதாங்க்கா.”

சாயங்காலம் புது ரப்பரோடு பெட்டியைத் திரும்ப ஏற்றினேன், அந்த அம்மாளையும்தான். லயத்தில் இறங்கியதும் கடைசி வீடுவரை கேட்கும்படி: “நம்ம செல்விகிட்ட போங்க. இவரு சும்மா லோரி ஓட்டுறவரு.”

31 மார்ச், திங்கள்
மேகமூட்டம். கவுண்டர் வரிசை கடை முன் ஐந்தடி நடைபாதைவரை, அதற்கப்பால் சீனா வரை. செல்விக்கு வேலை நிரந்தரம். தவுக்கே வாயாலேயே சொன்னார். அக்காள் அழுதாள், நான் இருமினேன்.

லயத்து முனையில் ஒருவரும் மறிக்கவில்லை. ஹாரன் அடித்துப் பார்த்தேன். ஒரு கோழி திரும்பியது.

சாயங்காலம் செல்வியிடம், நம் வீட்டு விசிறி கடகடக்கிறது, மெக்கானிக்கிடம் சொல்லிவிடு என்றேன்.

“கவுண்டருக்குக் கொண்டாங்க மாமா. வரிசையில.”