மூன்று நாள் பிந்திய மணிச்சரம்

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று கெலமங்கலம் சந்தையில் வளையல்காரர் விரித்த துணியில் சிவப்பும் பச்சையுமாக மணிகள் கிடந்தன. பார்த்ததும் உங்கள் முகம் வந்து நின்றது. அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் நாம், நீங்கள் மூத்தவர். நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம். எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல, பழைய பொறாமைதான்.

நாலாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் நான் பிழைத்ததே பெரிது. "இன்னொண்ணு இந்த உடம்பு தாங்காது" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் பெங்களூரிலிருந்து வந்த நர்ஸம்மா பிள்ளை தங்கும் நாளை எண்ணித் தவிர்க்க நம் இருவருக்கும் ஆளுக்கொரு மணிச்சரம் கொடுத்தார். தீட்டு வந்த அன்றே முதல் மணியைத் தள்ள வேண்டும்; பிறகு நாளுக்கு ஒன்று. பச்சையில் பயமில்லை, சிவப்பில் புருஷனை விட்டு விலகிப் படுக்க வேண்டும். "மாசம் முன்னப்பின்ன ஆனா இது காலை வாரிடும். முழுசா நம்பாதீங்க" என்றும் சொன்னார்.

பால்காரி ஊற்றும் அரைப்படிக்கும் சுவரில் கோடு போட்டு வைப்பவள் நான். சரத்தைச் சாமி மாடத்தில் மாட்டினேன். குளித்து, விளக்கேற்றி, முருகனைக் கும்பிட்ட பிறகே மணி தள்ளுவேன். வெள்ளிக்கிழமைகூட விளக்கேற்றச் சோம்பல்படும் நீங்கள், உங்கள் சரத்தை மிளகாய்த்தூள் டப்பாவுக்குள் போட்டு மறந்தே போனீர்கள்.

ஐந்தே மாதத்தில் வாந்தி எடுத்தவள் நான். நீங்களோ இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்டு, கிணற்றடியில் இரண்டு குடத்தை அலுங்காமல் தூக்கினீர்கள். பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. கேட்டேவிட்டேன்.

"கும்பிடறவ நானு. வரம் மட்டும் உங்களுக்கா?"

"மணி சரியாத் தள்ளினியா புள்ள?"

"தெனமும் தள்ளினேன்."

"தூரமா இருந்த நாள்லயும்?"

தீட்டோடு சாமி மாடத்தைத் தொடுவேனா? மூன்று நாள் ஒதுங்கியிருந்து, நாலாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்துதான் முதல் மணியைத் தள்ளினேன். உடம்பு சிவப்புக்குள் போன பிறகும் மூன்று நாள் என் கையில் பச்சையே இருந்திருக்கிறது.

"அந்த மணிய நான் எங்க நம்பினேன்?" என்று குரலைத் தாழ்த்தினீர்கள். "அவரு பெங்களூருல ரப்பர் உறை வாங்கியாறாரு. ஒரு தடவ விட்டாலும் அம்போதான், விட்டதில்ல."

"ஆம்பள ஒத்துக்கிட்டாரா?"

"கேட்டேன், ஒத்துக்கிட்டாரு. நீ கேட்டியா?"

குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு மாதம் உங்களோடு பேசவில்லை.

பிரசவத்தன்று மறுபடி ரத்தம். கண் இருட்டிக்கொண்டு வந்தபோது என் கையைப் பிடித்திருந்தது நீங்கள்தான். நானும் பிழைத்தேன், பெண்ணும் பிழைத்தாள். அப்போது வாசலில் நின்ற என் வீட்டுக்காரரிடம் நீங்கள் பேசியது உள்ளே கேட்டது.

"கொழுந்தனாரே, இன்னொரு தடவைன்னா பாடைதான் கட்டணும். ஆம்பளைக்கே சின்னதா ஆபரேசன் இருக்காம். இருக்கறதுலயே அதுதான் கெட்டின்னு நர்ஸம்மா சொல்றாங்க. சேலம் போய்ப் பண்ணிக்கிட்டு வாங்க."

தலையைக் குனிந்தவர் அந்த மாதமே போனார். செய்த பிறகும் மூன்று மாதம் உறை வேண்டும் என்று டாக்டர் சொன்னதையும் கேட்டார்.

சாமியிடம் எல்லாவற்றையும் கேட்டவள் நான். பக்கத்தில் படுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்கு வாய் வரவில்லை. எனக்காகவும் நீங்களே கேட்டீர்கள். என் உயிரைக் காத்த அந்த வாயின்மேல் எனக்கு இன்றைக்கும் பொறாமைதான், அக்கா.