மேலே இருக்கிற மாமா

பிப்ரவரி 6

அன்புள்ள மாத்திரைக்காரிக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீயும் உன் ஆஸ்பத்திரி மருந்தகமும் நலமா? போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே சண்டை வந்துவிடுகிறது, இனிமேல் எழுதிக்கொள்வோம் என்று நீதான் சொன்னாய். அதனால் ஐஸ் பேக்டரியின் ஓரத்து அறையில், சோலார் பேனல் வந்த பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்து கோணல் என்று திருத்த ஆரம்பித்துவிடாதே.

இங்கே காற்றுதான் முதலாளி. விடிந்ததும் ஆரம்பித்து, கடல்காற்று எழும்புவதற்குள் பேனல்களைக் கூரைக்கு ஏற்றிவிட வேண்டும். அதற்குப் பிறகு நாம் பேனலைத் தூக்கினால், பேனல் நம்மைத் தூக்கிக்கொண்டு போய்விடும். உப்பு வேறு. சாதா இரும்பு போல்ட் போட்டால் அடுத்த மழைக்காலம் தாங்காது. ஆகவே துருப்பிடிக்காத போல்ட்தான் வேண்டும் என்று கம்பெனியோடு தினமும் மல்லுக்கு நிற்கிறேன்.

பேக்டரி நடத்துகிறவரை எல்லாரும் ஐஸ் அக்கா என்கிறார்கள். ஆனால் அவருக்கு யாரும் ஐஸ் வைக்க முடியாது, அவ்வளவு கறார். "தம்பி, ரிப்பேருக்குக் கரையேத்தின படகெல்லாம் கடலுக்குத் திரும்பற அன்னிக்கு என் மிஷின் ஓடணும். சூரியன் லேட்டுன்னு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது" என்றார். இது முடிந்தால் பக்கத்திலேயே மீன் கிடங்கு, அப்புறம் ஒரு தங்கும் விடுதி. மூன்று கூரையும் முடிந்தால் வீடுதான்.

காப்பகத்திலிருந்து ஒரு பெண்குழந்தையைப் பார்க்கக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை நாலு தடவை படித்தேன். தத்தெடுக்க மனு போட்டுவிட்டு நாம் காத்திருந்த காத்திருப்பு கொஞ்சமா? 21ஆம் தேதி தானே? தலைகீழாக நின்றாவது வந்துவிடுவேன்.

உன்,
வெயில்காரன்

*

பிப்ரவரி 12

அன்புள்ள வெயில்காரருக்கு,

தலைகீழாக எல்லாம் நிற்க வேண்டாம். நேராக வந்தால் போதும்.

நான் நலம். மருந்தகத்தில் இருமல் சீசன். ஒரு பெரியவர் நேற்று வந்து, "உங்க மாத்திரை கசக்குதும்மா" என்று என்னவோ நானே அரைத்துக் கொடுத்த மாதிரி சண்டை போட்டார். உங்கள் ஞாபகம் வந்தது. கூரை ஒழுகினால் கூரைக்காரனைத் திட்டுவார்கள், மழையை யார் திட்டுகிறார்கள் என்று நீங்கள் புலம்புவீர்களே.

குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன். நாலு வயது ஆகப் போகிறது. ஆள் பொடிசு, எங்கே விட்டாலும் ஒரு மூலைக்கு உருண்டு போய்விடுகிறாள் என்று அங்கே எல்லாரும் பட்டாணி என்று கூப்பிடுகிறார்கள். அவளுக்கு ஆண்களைக் கண்டால் பயம். யாராவது வந்தால் மேஜைக்கு அடியில் போய்விடுவாளாம். ஏன் என்று நான் கேட்கவில்லை. நம் தத்து மனுவை விசாரிக்கிற அதிகாரி அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, பேச வேணாம், தூக்க வேணாம், பொம்மை வாங்கிட்டு வர வேணாம். பக்கத்துல சும்மா உக்காரட்டும். அவளா வருவா."

இதில்தான் எனக்குக் கவலை. நீங்கள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. இந்த வீட்டை வாடகைக்குப் பார்க்க வந்த அன்று நான் சமையலறைக்குள் போனேன், நீங்கள் மொட்டைமாடிக்கு ஓடினீர்கள். நம் பெண் பிறந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கே வராமல் போன பிறகு, ஒரு மாதத்தில் கடலோரத்து வேலையை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். நான் தடுக்கவில்லை. ஆளுக்கு ஒரு ஊரில் அழுதோம். போதும் அது.

21ஆம் தேதி ஒரு மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஒரு மணி நேரம் தரையில் உட்காருங்கள். உங்களிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

உங்கள்,
மாத்திரைக்காரி

*

பிப்ரவரி 25

அன்புள்ள மாத்திரைக்காரிக்கு,

பஸ் ஏற்றிவிடும்போது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். கோபம் என்று தெரியும். ஆனால் நான் சொல்லப் போவதைக் கேட்டால் கோபம் போய்விடும்.

அந்தக் காப்பகக் கூரையை நீ பார்க்கவில்லை. அப்படி ஒரு கூரை! பக்கத்தில் மரம் இல்லை, உயரமான கட்டடம் இல்லை, நிழல் என்ற பேச்சே இல்லை. காலையிலிருந்து மாலை வரை வெயில் சும்மா கொட்டி வீணாகிறது. கீழே பிள்ளைகள் மின்விசிறி ஓடாமல் வேர்த்துக் கிடக்கிறார்கள். கரண்ட் போனால் தண்ணீர் மோட்டாரும் ஓடாது என்று காப்பக மேடம் சொன்னார். அளந்து பார்த்துவிட்டேன். பன்னிரண்டு பேனல் தாராளமாக உட்காரும்.

ஐஸ் அக்காவிடம் சொன்னேன். அவர் கூரைக்கு வந்ததில் ஓரம் லேசாகச் சிராய்த்த பேனல்கள் கொஞ்சம் மிச்சம். "குழந்தைங்களுக்குன்னா எடுத்துக்கோ. எங்கிட்ட எதுக்குக் கேக்குற?" என்றார். அந்தக் கறார் அக்காவா இது என்று எனக்கே ஆச்சரியம். என் கையாலேயே மாட்டித் தருவேன். யோசித்துப் பார், நம் பட்டாணி அங்கிருந்து நம் வீட்டுக்கு வந்த பிறகும், அவளோடு இருந்த பிள்ளைகளுக்குக் காற்று வரும்.

கொஞ்ச நேரம் உட்காராமல் போனது என்னவோ உண்மைதான். அடுத்த முறை உட்காருகிறேன். சரிதானே?

உன்,
வெயில்காரன்

*

மார்ச் 3

அன்புள்ள வெயில்காரருக்கு,

கொஞ்ச நேரமா? ஒரு மணி நேரத்தில் ஐந்து நிமிடம்கூட நீங்கள் கீழே இல்லை. மேலே நீங்கள் நாடாவை இழுத்து அளந்துகொண்டிருந்தபோது கீழே என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

உள்ளே வரும்போதே அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். நீங்கள் பார்த்தது ரெட்டைப் பின்னலை மட்டும்தான். "மாடிக்கு வழி எது மேடம்?" என்று கேட்டுக்கொண்டு நீங்கள் போன பிறகு மெதுவாகத் திரும்பினாள். மேலே உங்கள் காலடி கேட்டது. கூரையைப் பார்த்தாள். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை நீங்கள் நடக்க நடக்க, அவள் கண்ணும் கூடவே போனது. கடைசியில் என் புடவையைத் தொட்டு, "மேல இருக்குற மாமா எப்ப வருவாங்க?" என்று கேட்டாள். அதிகாரி அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஓர் ஆணைப் பற்றி அவளாக வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவையாம்.

"இதோ வந்துடுவாங்க" என்றேன். நீங்கள் வருவதற்குள் நேரம் முடிந்து அவளைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

20ஆம் தேதி இரண்டாவது சந்திப்பு. வழியனுப்பும்போது அதிகாரி அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அப்பா இல்லாத வீட்டுக்குக் குழந்தையை அனுப்பிடலாம்மா. அது பழகிக்கும். இருந்தும் இல்லாத அப்பா இருக்குற வீட்டுக்கு என்னால அனுப்ப முடியாது. அடுத்த தடவையும் இப்படின்னா, நான் எழுத வேண்டியதை எழுதிடுவேன்."

பேனல் நல்ல காரியம்தான். பிறகு எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். 20ஆம் தேதி வெறும் கையோடு வாருங்கள். கெஞ்சித்தான் கேட்கிறேன்.

உங்கள்,
மாத்திரைக்காரி

*

மார்ச் 19

அன்புள்ள மாத்திரைக்காரிக்கு,

திட்டாமல் படி. காப்பகத்தில் பேனல் மாட்டியாயிற்று. மோட்டார் ஓடுகிறது, மின்விசிறி சுற்றுகிறது.

17ஆம் தேதி மீன் கிடங்கு லாரி அந்தப் பக்கம் காலியாக வந்தது. விட்டால் இன்னொரு வண்டி கிடைக்காது என்று பேனலை ஏற்றிக்கொண்டு நானும் ஏறிவிட்டேன். பகல் முழுக்க வேலை. உச்சிவெயிலில்தான் மாட்ட வேண்டி வந்தது. வெயில் இருக்கும்வரை பேனலை அணைக்க ஸ்விட்ச் கிடையாது, தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டுதான் வயரைத் தொட வேண்டும். பிள்ளைகள் கீழே நின்று வேடிக்கை பார்த்தார்கள். கிராப் வெட்டிய ஒரு வாண்டு ஏணியடியை விட்டு நகரவே இல்லை. தண்ணீர் கொண்டுவந்து, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நீங்க மேலதான் இருப்பீங்களா?" என்று கேட்டது. "ஆமா கண்ணு, எனக்கு வேலையே மேலதான்" என்றேன். நான் குடித்து முடிக்கிற வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. டம்ளரைக் கொடுத்துவிட்டு ஏறிவிட்டேன். பட்டாணி எங்கே என்று கேட்க நினைத்தேன். வாய் வரவில்லை. எங்காவது மேஜைக்கு அடியில் இருந்திருப்பாள்.

சாயங்காலமே லாரி திரும்பிவிட்டது. நம் தெரு வழியாகத்தான் வந்தோம். வீட்டில் விளக்கு எரிந்தது. இறங்கினால் இருங்கள் என்று நீ சொல்வாய், நானும் இருந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது.

நாளைக்கு, 20ஆம் தேதிக்கு, என்னால் வர முடியாது; காலையிலேயே உனக்குக் கிடைக்கட்டும் என்று இதை ராத்திரி பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அன்றைக்குத்தான் ஐஸ் பேக்டரிக்கு மின் ஆய்வாளர் வருகிறார், மறுநாள் படகுகள் இறங்குகின்றன. இது பொய் இல்லை. ஆனால் ஆய்வாளர் வராவிட்டாலும் நான் வந்திருப்பேனா என்று தெரியவில்லை. உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்?

அன்றைக்கு அந்த அறையில் பட்டாணி சுவர்ப்பக்கம் நின்றபோது எனக்கு நம் பெண்தான் தெரிந்தாள். அந்தக் கண்ணாடிப் பெட்டி, மேலே நீல விளக்கு, கண்ணுக்கு மேல் கட்டின துணி. இந்தக் குழந்தை திரும்பி என்னைப் பார்த்துவிட்டால் அப்புறம் இவளையும் இழக்க வேண்டி வருமோ என்று மூச்சு முட்டிவிட்டது. மேலே போனால் காற்று வரும் என்று போனேன். அவ்வளவுதான். நாலு ஆள் உயரத்தில் கயிறு இல்லாமல் நிற்கிறவனுக்குத் தரையில் உட்கார முடியவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

விடுதிக் கூரையும் முடியட்டும். மழைக்கு முன்னால் வந்துவிடுகிறேன். அந்த அம்மாவிடம் கொஞ்சம் தவணை கேள். எனக்காகக் கேள்.

உன்,
வெயில்காரன்

*

ஏப்ரல் 2

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. அழுகையாக வந்தது. இப்போது கொஞ்சம் தெளிந்திருக்கிறேன்.

கிராப் வெட்டிய அந்த வாண்டுதான் பட்டாணி.

தலையில் பேன் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் முடி வெட்டியிருக்கிறார்கள். காலையில் உங்கள் குரல் கேட்டதும் மேஜைக்கு அடியிலிருந்து அவளாகவே வெளியே வந்தாளாம். சமையலறைக்குப் போய், "மேல இருக்குற மாமாக்குத் தண்ணி" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாளாம். காப்பக மேடம்தான் சொன்னார். நீங்கள் அவளைக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறீர்கள் என்று நினைத்து, லாரி கிளம்பினபோது கேட் வரைக்கும் ஓடியிருக்கிறாள். நீங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள், தெரிந்திருக்காது.

நான் உங்களைக் குற்றம் சொல்லவில்லை. உங்கள் பயம் எனக்குத் தெரியாததா? எனக்கும் அதே பயம்தான். அதே கண்ணாடிக்கு முன்னால்தான் நானும் நின்றேன். ஆனால் அந்த டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவளும் பயத்தோடுதானே வந்தாள்? நாலு வயதுகூட ஆகாத குழந்தை.

20ஆம் தேதி நான் தனியாகத்தான் போனேன். அதிகாரி அம்மாவிடம் தவணை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார், நல்ல மனுஷி. நீங்களும் மழைக்கு முன்னால் என்பீர்கள், பிறகு இன்னொரு கூரை வரும். அது தெரிந்தேதான் கேட்கவில்லை. தனியாக வளர்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அதற்கு நாம் பிரிந்திருக்கிறோம் என்று வக்கீல் மூலம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். உங்களுக்குத் தபால் வரும். தயவுசெய்து தடுக்காதீர்கள். எழுதினாலும் எழுதாவிட்டாலும் நாம் அப்படித்தானே இருக்கிறோம்.

உங்கள் சட்டைகளைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். நான் மருந்தகத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்து யாரையாவது அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். நேரில் பார்த்தால் எனக்கு மனசு மாறிவிடும். கயிறு கட்டாமல் மேலே ஏறாதீர்கள், அதைச் சொல்ல எனக்கு இன்னும் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

தத்து முடியும்வரை வளர்ப்புக்கு என்று திங்கட்கிழமை அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். முதல் இரண்டு நாள் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தாள். நானும் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். நேற்று வெளியே வந்து என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, மேலே கூரையைப் பார்த்தபடி கேட்டாள், "மேல இருக்குற மாமா எப்ப எறங்குவாங்க?"

எறங்கிப் போயிட்டாங்க கண்ணு என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
பட்டாணியின் அம்மா