சட்டைப்பையில் ஒரு பிளஞ்சர்

என் வீட்டு மகாராணிக்கு,

ஊரே அண்ணாந்து பார்க்கும் உன் வீட்டுக்காரன் எழுதுவது. நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உன் முட்டிவலி தேவலையா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா?

இங்கே துறைமுகப் பட்டறையில் ஒரு சின்னச் சங்கதி, பயப்படாதே. மலையளவு கப்பல் ஒன்றின் டீசல் பம்பு என் கைக்கு வந்தது. எண்ணெயை அழுத்தித் தள்ளுகிற பிளஞ்சர் தேய்ந்து கீறல் விழுந்திருந்தது. அதையும் அது ஓடுகிற குழாயையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். புது ஜோடி வரச் சில நாள் ஆகும்.

மேஸ்திரிக்குப் பொறுமை இல்லை. "எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சு மாட்டுய்யா. சாயங்காலம் கப்பல் கிளம்பணும்."

"தேய்ச்சா இன்னும் லூசாகும். நடுக்கடல்ல இஞ்சின் படுத்தா, உள்ள இருக்கிறவன் தள்ளிக்கிட்டா வருவான்?"

"அப்ப நீ மூட்டை கட்டு. வேற ஆள் மாட்டுவான்."

"எதை மாட்டுவான்?" என்று பிளஞ்சரைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். கடலே ஒரு நிமிஷம் அலையடிக்காமல் நின்றது.

கப்பல் இன்னும் கரையில்தான் இருக்கிறது. எனக்கு வேலை கொடுக்காமல் அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள், ராஜாவுக்கு ஓய்வு. ‘உங்கள் சித்தப்பா கப்பலையே கட்டிப்போட்டார்’ என்று அண்ணன் பிள்ளைகளிடம் சொல்லு.

வேர்வைக் கை பட்டால் பிளஞ்சர் துருப்பிடிக்கும். கை துடைக்க உன் பழைய நூல்சேலை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம், நான் இங்கே துவைத்துக்கொள்கிறேன்.

கீழே மேஸ்திரி கூப்பிடுகிறார். மாட்டேன் என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு வருகிறேன்.

உன் அடங்காத
வீட்டுக்காரன்