அண்ணன் பெயரில் ஒரு பண்ணை

செப்டம்பர் 16, திங்கள்

பகல் முழுக்க மழை. நான் வேலை செய்யும் கண்ணாடிக் கடைக்கு வந்தவர்கள் எல்லாம் ஃப்ரேமை மாட்டிப் பார்த்து, தலையைச் சாய்த்து அழகு பார்த்து, "வீட்ல கேட்டுட்டு வர்றோம்" என்று குடையை விரித்தார்கள். மூக்கு அவர்களுடையது, கேட்பது வீட்டிலாம்.

வீட்டுக்கு வந்ததும் முட்டைக்கோவா அறுவடை. டிவிக்குள்தான். கண்டி மஹய்யாவையில் எங்கள் வாசலில் ஒரு கறிவேப்பிலைக் கன்று வைக்க இடமில்லை. கேமில் எனக்குப் பெரிய பண்ணை, ஓடை, ஆறு பசுக்கள். இரண்டு வருடமாக வேலை முடிந்தால் நான் இருக்கும் இடம் அதுதான். அப்பா போன பிறகு இன்னும் அதிகம்.

அம்மா குசினியில் இத்தாலிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். வழக்கம்போல போனை என் பக்கம் நீட்டினார். "ஒரு வார்த்தை பேசேன்டி." டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

இத்தாலிக்காரர் என்றால் என் அண்ணன் ரொனி. பெயரை எழுத மனமில்லாமல் இந்த டயரியில் அவருக்கு நான் கொடுத்த பட்டம் அது. ஜனவரியில் அப்பாவை அடக்கம் செய்தபோது அவர் வரவில்லை. லீவு இல்லையாம். பெற்ற தகப்பனுக்கு லீவு தராத வேலை உலகத்தில் எங்கே இருக்கிறது?

செப்டம்பர் 19, வியாழன்

ருஷ்தா என்னோடு கடையில் வேலை செய்பவள். கேம் பைத்தியத்தில் எனக்கு அக்கா. சாப்பாட்டு நேரத்தில் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "இதப் பாரு புள்ள. கம்பனிக்காரனுக்கு விசர் புடிச்சிருக்கு."

நாங்கள் கேம் விளையாடும் கன்சோல் பெட்டியைச் செய்கிற கம்பனி புதுச் சட்டம் போட்டிருக்கிறது. அடுத்த மாதத்திலிருந்து ஒரு டிஸ்க் யார் பெயரில் முதலில் திறக்கிறதோ அவருக்கு மட்டும்தான் ஓடும். இரவல் கொடுக்க முடியாது, விற்க முடியாது. அதோடு ஏழு நாளுக்கு ஒரு தடவை சொந்தக்காரர் தன்னை உறுதிப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் பூட்டிக்கொள்ளும்.

வேலை முடிந்து மஹ்ரூப் நானாவின் கடைக்குப் போனோம். பழைய டிஸ்க் வாங்கி, விற்று, மாற்றிக் கொடுக்கிற கடை. கண்டியில் எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் லைப்ரரி. நானா கவுன்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, "சல்லி குடுத்து வாங்கினது எங்கட. ஆனா எங்கட இல்லயாம். வெளங்குதா ஒங்களுக்கு?" என்றார். எங்களுக்கும் விளங்கவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

காசு கொடுத்து வாங்கின கேமுக்குக் கிழமைக்குக் கிழமை கம்பனி காலில் விழ வேண்டுமா? கம்பனியின் பக்கத்தில் ஆங்கிலத்தில் நீளமாக ஏசி எழுதினேன். ருஷ்தா பிழை திருத்தினாள், சூட்டைக் குறைக்கவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

பூசையில் பிரசங்கத்தின் நடுவில் உறைத்தது. சொந்தக்காரர் உறுதிப்படுத்த வேண்டும். சரி — எங்கள் கன்சோலுக்கு யார் சொந்தக்காரர்?

அதைக் கார்கோவில் அனுப்பினது இத்தாலிக்காரர். கணக்குத் திறந்தது அவர் பெயரில், அவருடைய போன் நம்பரில். வாங்கின கேம் எல்லாம் அந்தக் கணக்கில். என் பண்ணை, என் பண்ணை என்று இரண்டு வருடம் குதித்திருக்கிறேன். காணி அவர் பெயரில் இருக்கிறது, நான் குடியிருக்கிறேன், அவ்வளவுதான்.

புதுக் கணக்குத் திறந்தால் வெறுங்காட்டிலிருந்து தொடங்க வேண்டும். மாட்டேன். அவரிடம் கேட்கவும் மாட்டேன். பிறகு என்ன செய்வாய் ஜூலி?

அக்டோபர் 6, ஞாயிறு

டிவியில் வந்தேவிட்டது. சொந்தக்காரரின் போனுக்கு ஆறு இலக்கம் அனுப்பியிருக்கிறோம், நூறு செக்கனுக்குள் அடியுங்கள்.

"அம்மா, ஒங்க மகன்கிட்ட நம்பர் கேளுங்க" என்றேன். அம்மா கோல் எடுத்து, சுகம் விசாரித்து, அங்கே குளிரா என்று கேட்டு, அதன் பிறகு எழுதுவதற்குத் தன் கண்ணாடியைத் தேடினார். நேரம் முடிந்தது. இரண்டாம் தடவை ஐந்தை ஒன்பது என்று வாசித்தார். மூன்றாம் தடவை போனை ஸ்பீக்கரில் போட்டு என் மடியில் வைத்துவிட்டு, "நீயே கேட்டுக்க, எனக்கு சோறு அடிப்புடிச்சிரும்" என்று குசினிக்குப் போய்விட்டார். அடுப்பில் சோறு இருக்கவில்லை, அது எனக்குத் தெரியும்.

ஜனவரிக்குப் பிறகு அவர் குரலை இன்றுதான் கேட்டேன். இலக்கத்தை மட்டும் சொன்னார். அடித்தேன். பண்ணை திறந்தது.

அக்டோபர் 13, ஞாயிறு

இன்றும் ஸ்பீக்கர். ஆறு இலக்கத்தையும் நிறுத்தி நிறுத்திச் சொல்லிவிட்டு, "கணக்கு டீச்சர் இப்பவும் வேலி பாயுறாங்களா?" என்றார்.

பசுக்களுக்குப் பெயர் வைத்தது அவர்தான். கன்சோல் வந்த புதிதில் அவரும் அங்கே ஒன்று வைத்திருந்தார். அங்கிருந்தும் இங்கிருந்தும் சேர்ந்து விளையாடுவோம். பள்ளிக்கூடத்தில் அவரை அடித்த டீச்சர்மார் எல்லாரும் எங்கள் பண்ணையில் புல் மேய்கிறார்கள். கணக்கு டீச்சர் இன்று காலையிலும் வேலி பாய்ந்து என் கரட்டைத் தின்றுகொண்டிருந்தார்.

சிரித்துவிட்டேன். போனில் கேட்டிருக்குமா? கேட்டால் கேட்கட்டும்.

அக்டோபர் 19, சனி

மஹ்ரூப் நானாவின் கடை வாசலில் எல்லாரும் டிஸ்க் பெட்டிகளைத் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுத்தோம். உலகம் முழுக்க இப்படி எடுத்துப் போடுகிறார்களாம். பஸ்ஸுக்குப் போகிறவர்கள் ஏதோ மலிவு விற்பனை என்று நினைத்து விலை கேட்டார்கள். நானாவின் மனைவி ஹபீலா கட்லட் செய்து அனுப்பியிருந்தார்.

நானா மெலிந்துவிட்டார். கடையில் டிஸ்க் மாற்ற ஆள் வருவதில்லை. பூட்டின டிஸ்க்கை யார் வாங்குவார்கள்? கம்பனிக்குப் போகிற கோரிக்கையில் நானும் கையெழுத்துப் போட்டேன். கிழமை நம்பர் ஒழிய வேண்டும் என்று எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினதும் நான்தான்.

அக்டோபர் 20, ஞாயிறு

அம்மா நாவலப்பிட்டிக்கு, சித்தி வீட்டுக்குப் போய்விட்டார். போனும் அவரோடு போய்விட்டது.

கதிரையில் உட்கார்ந்தேன், எழும்பினேன், ஒரு ப்ளேன்டீ ஊற்றினேன், மறுபடி உட்கார்ந்தேன். கடைசியில் என் போனிலிருந்து எடுத்தேன்.

"நம்பர்" என்றேன்.

"ஜூலியா?"

"வேற யாரு? நம்பர சொல்லு."

சொன்னான். அடித்தேன். திறந்தது. வைக்கலாம் என்று விரலைக் கொண்டுபோனேன்.

"சாப்டியா?" என்றான்.

"பாண்."

"என்னாத்தோட?"

"சம்பல்."

அவ்வளவுதான் பேசினது. வைத்த பிறகு குசினிக்கும் வாசலுக்கும் இரண்டு தடவை நடந்தேன். எதற்கு? சம்பல் என்று சொன்னதற்கா?

அக்டோபர் 27, ஞாயிறு

அம்மா வீட்டில்தான் இருந்தார். ஆனாலும் நானே எடுத்தேன்.

இலக்கத்துக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம். என்ன செய்கிறாய் என்று கேட்டேன். "தாத்தாவ குளிப்பாட்டப் போறேன்" என்றான். எந்தத் தாத்தா? ஹோட்டலில் வேலை என்றுதானே வீட்டில் எல்லாருக்கும் சொல்லியிருந்தான். இல்லையாம். எழும்பி நடக்க முடியாத ஒரு கிழவரின் வீட்டில் தங்கி, அவரைப் பார்த்துக்கொள்கிறானாம்.

"அப்ப அப்பாவுக்கு ஏன் வரல?" என்றேன். வாய்க்கு வந்துவிட்டது.

 பிறகு குழாயை மூடினான்.

"எனக்கு அப்ப விசா பேப்பர் சரியில்ல ஜூலி. வந்திருந்தா திரும்ப உள்ளுக்கு விடமாட்டாங்க. எல்லாம் சரியாயிருச்சுன்னு அப்பாகிட்ட சொல்லி வச்சிருந்தேன். அவரு அத ஊரெல்லாம் சொல்லி சந்தோஷப்பட்டாரு. செத்த வீட்ல போய் அது பொய்யின்னு எப்படி சொல்றது? லீவு இல்லன்னுட்டேன்."

டிவி சத்தத்தைக் குறைத்தேன்.

"அடக்கத்தன்னைக்கும் இந்த தாத்தாவ குளிப்பாட்டினேன். சவுக்காரம் போடுறப்ப அப்பான்னு நெனச்சுக்கிட்டேன்."

 "அவர குளிர்ல வச்சிருக்காத, போ" என்று வைத்துவிட்டேன்.

அக்டோபர் 28, திங்கள்

ஏன்டா என்கிட்ட சொல்லல? அம்மாகிட்ட வேணாம், அப்பாகிட்ட வேணாம் — என்கிட்ட சொல்லியிருக்கலாமே. இத்தன மாசமா ஒன்னைய ஏசிக்கிட்டே கோவா பறிச்சேனே.

நவம்பர் 2, சனி

ஆத்துமாக்கள் திருநாள். அம்மாவும் நானும் அப்பாவின் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்தினோம். காற்று அணைக்க அணைக்க அம்மா விடாமல் கொளுத்தினார். ஒரு போட்டோ எடுத்தேன். அங்கேயே நின்று அவனுக்கு அனுப்பியிருக்கலாம். நாளைக்கு ஞாயிறுதானே என்று வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 3, ஞாயிறு

நம்பர் சொன்ன பிறகு அனுப்பினேன்.

"ஓரத்தில வெள்ளைப் பூ யாரு வச்சது?" என்றான்.

"நான்தான். ஒன் பேர்ல."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம். தடிமனாம். தடிமன்தான், நம்பிவிட்டேன்.

நவம்பர் 6, புதன்

கடையில் ஒருவர் பழைய கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, அது தொலைந்துவிட்டது என்று புதுசு கேட்டார். ருஷ்தா சிரிப்பை அடக்க உள்ளே ஓடிவிட்டாள். இதை ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குச் சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் இப்படித்தான், கிழமை முழுக்க கதை சேர்த்து வைக்கிறேன்.

எங்கள் வட்ஸ்அப் குழுவில் எல்லாரும் அந்த நம்பரைச் சபிக்கிறார்கள். நானும் கோப முகம் ஒன்று போட்டுவிட்டு வருகிறேன். கள்ளி.

நவம்பர் 10, ஞாயிறு

பேசிக்கொண்டே இருந்து இன்று பண்ணைக்குப் போக மறந்துவிட்டேன். டீச்சர்மார் எல்லாரும் பட்டினி.

நவம்பர் 13, புதன்

கம்பனி பணிந்துவிட்டது. டிஸ்க் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே சொந்தம், பூட்டு இல்லை, கிழமை நம்பரும் இல்லை, தவறு எங்களுடையது என்று அறிக்கை விட்டிருக்கிறார்கள். ருஷ்தா கஸ்டமருக்கு முன்னாலேயே கை தட்டினாள். வேலை முடிந்து நானாவின் கடைக்குப் போனால் உள்ளே நுழைய இடமில்லை. எல்லாருக்கும் ரோல்ஸும் தேத்தண்ணியும். "நாங்க கத்தினது அங்க வரைக்கும் கேட்டிருக்கு புள்ள" என்று நானா திரும்பத் திரும்பச் சொன்னார். கண் கலங்கியிருந்தது. அந்த முகத்தைப் பார்க்க எனக்கு உண்மையாகவே சந்தோஷம். இன்றைய போட்டோவிலும் பல் தெரிய நிற்கிறேன்.

பஸ்ஸில் வரும்போது அண்ணனின் மெசேஜ் வந்தது. "பாத்தியா? இனி நம்பர் வேணாமாம். ஒனக்கு ஞாயிறு ஞாயிறு கோல் எடுக்குற கரைச்சல் இல்ல."

கரைச்சல். பெருவிரல் படம் ஒன்று அனுப்பினேன். வேறு என்ன அனுப்ப?

நான் கேட்டதைத்தானே தந்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டு, வாசலில் நின்று கத்தி வாங்கின வெற்றி. எதுக்கு இப்ப அழுக வருது?

நவம்பர் 17, ஞாயிறு

டிவி எதுவும் கேட்கவில்லை. நேராகப் பண்ணை திறந்தது. கோவா பறித்தேன். மறுபடி விதைத்தேன்.

"இன்னைக்கு அண்ணனுக்கு எடுக்கல்லியா?" என்றார் அம்மா.

"இப்ப நம்பர் வேணாம்மா."

"நம்பர் வேணாட்டி அண்ணனும் வேணாமா?"

கோவாவுக்குத் தண்ணீர் ஊற்றினேன். பின்னேரம் அவன் அம்மாவுக்கு எடுத்தான். "ஜூலி எப்படின்னு கேக்குறான்" என்று அம்மா குசினியிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார். நல்லா இருக்கேன்னு சொல்லுங்க என்றேன். பழைய இடத்துக்கே வந்துவிட்டோம். கோபம் ஒன்றுதான் இல்லை.

நவம்பர் 20, புதன்

ருஷ்தாவிடம் சொல்லிவிட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "லூசா புள்ள? சும்மா ஒரு கோல் எடு."

சும்மா எடுத்து என்ன சொல்வது? எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் பாசத்தைச் சொன்னதில்லை. மழை வந்தால் அப்பா குடையோடு பஸ் ஹோல்ட்டில் நிற்பார். கேட்டால் கடைக்கு வந்தேன் என்பார். அம்மா கோழி ஈரலை என் சோற்றுக்குள் புதைத்து வைப்பார், ஒன்றும் தெரியாததுபோல. எங்களுக்கு ஏதாவது ஒரு சாட்டு, ஒரு சாக்கு வேண்டும். நம்பர் இருந்தால் நம்பரைக் கேட்கலாம், மற்றதெல்லாம் அதன் பின்னால் தானாக வரும். அது இல்லாமல் எங்கிருந்து தொடங்குவது?

அவனுக்கும் இப்படித்தான் இருக்குமா? இல்லை, நிஜமாகவே கரைச்சல் ஒழிந்தது என்று இருக்கிறானா?

எனக்கு அவனோடு பேச வேண்டும். எழுதியாவது வைக்கிறேன்.

நவம்பர் 24, ஞாயிறு

பூசையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, போன் அடித்தது. ரொனி அண்ணன். அம்மாவின் போனுக்கு இல்லை, எனக்கு.

"எழுதிக்க" என்றான். "நம்பர் வந்திருக்கு."

எங்கிருந்து வந்திருக்கும்? கம்பனி அதை நிறுத்திவிட்டது. அந்தச் செய்தியை எனக்கு அனுப்பினவனே அவன்தான்.

டிவியை நான் இன்னும் போடவில்லை.

"இரு, பேனா எடுக்குறேன்" என்றேன்.  கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"மூணு" என்றான். "எட்டு. ம்... ஒன்னு." ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்துச் சொன்னான். அவனுக்குப் பின்னால் அந்தக் கிழவர் இத்தாலி பாஷையில் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார். ஆறையும் எழுதி முடித்தேன்.

"எழுதிட்டியா?"

"ஒன்னு விட்டுட்டேன்" என்றேன். "முதல்ல இருந்து சொல்லு."

அந்தப் பக்கம் கொஞ்சம் திணறல். பிறகு மெதுவாகச் சொன்னான். முதலில் சொன்னதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதையும் எழுதிக்கொண்டேன்.