சிவப்புச் சோளம்

என் வீட்டுக்காரிக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம். நம்ப மாட்டாய், இதை நானே எழுதுகிறேன்! நேற்று விதைக் கிடங்கில் முதன்முதலாக ஒரு மூட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'பூஞ்சை மருந்து கலந்த விதை. உண்ணக் கூடாது.' போன மாதம் மேஸ்திரி, "வெறும் சாயம்தான் பெரியவரே, கழுவினா போயிடும்" என்று கொடுத்து, நான் உனக்கு அனுப்பினேனே, அதே சிவப்புச் சோளம். உன் கடிதங்களை எனக்குப் படித்துக் காட்டியவனும் அவன்தான்.

போய்க் கேட்டால், "நீங்க எப்போ படிக்கக் கத்துக்கிட்டீங்க?" என்கிறான். நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டான்.

பயப்படாதே. ஆனால் சமைக்காதே, கோழிக்கும் போடாதே. கிணற்றை விட்டுத் தள்ளி ஆழமாகப் புதைக்கச் சொல். ஏற்கெனவே தின்றிருந்தால் உடனே மருத்துவரிடம் போ.

நம் ஊருக்கு வரும் லாரிக்காரர் கடிதத்துக்குக் கை நீட்டுகிறார். மருமகளை உடனே பதில் எழுதச் சொல், பெரிய எழுத்தாக. இனி உன் கடிதத்தைப் படிக்கச் சொல்லி யாரிடமும் நீட்ட மாட்டேன், நானே படித்துக்கொள்வேன்.

உன் வீட்டுக்காரன்