ஒரே குரூப்தான், ஆனாலும்

அன்பு மகள் சின்னக்குட்டிக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். அம்மா பிழைத்துக்கொண்டாள், அதை முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி பதறாமல் படி. ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று மட்டும் அண்ணன் போனில் சொல்லியிருப்பான். மீதி போனில் சொல்லி முடிகிற கதையில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

இடுப்பு மூட்டை மாற்ற வேண்டும், உடம்பில் ரத்தம் குறைவு, ஏற்ற வேண்டி வரலாம் என்றார்கள். நான் இருக்கும்போது அடுத்தவன் ரத்தம் எதற்கு என்று சலவைக்கடையைப் பூட்டிவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு போய் நின்றேன். நீ பிறந்தபோது அவளுக்கு நான் ரத்தம் கொடுத்த கதை உனக்கே மனப்பாடம். காபியில் சர்க்கரை குறைந்தால்கூட, உன் உடம்புல ஓடுறது என் ரத்தம்டி என்றுதானே இத்தனை வருடமும் அவளை மடக்கினேன். பரிசோதனை அறைப் பெண் எங்கள் இருவர் ரத்தத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, டாக்டரைக் கூப்பிட எழுந்து போனாள். டாக்டரம்மா வந்து, "ஒரே குரூப்தான் ஐயா, ஆனா உங்க ரத்தம் அவங்களுக்கு ஆகாது" என்றார். அன்று ஏற்றிய ரத்தத்தாலோ, என் ரத்தம் கலந்த பிள்ளைகள் உங்களைச் சுமந்ததாலோ, அவள் உடம்பு என் ரத்தத்தை அந்நியம் என்று குறித்து வைத்துக்கொண்டிருக்கிறதாம். மறுபடி ஏற்றினால் அதை உள்ளேயே உடைத்துப்போடுமாம், சிறுநீரகம்கூட நின்றுபோகலாமாம். அடக் கடவுளே, சோதிக்காமல் ஏற்றியிருந்தால்? நானே என் கையால் அவளைக் கொன்றிருப்பேனே சின்னக்குட்டி!

அவளுக்குப் பொருந்தும் ரத்தம் லேசில் கிடைக்காது, ஏற்றாமலே முடிக்கப் பார்ப்போம் என்றார் அடுத்து. ரத்தமில்லாமல் கத்தி வைப்பதா, ஆளைக் கொல்லப் பார்க்கிறீர்களா என்று வராந்தாவே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டேன். அந்த அம்மாள் கோபப்படவில்லை. ஆபரேஷனைத் தள்ளிவைத்து, இரும்புச்சத்தை ஊசியில் ஏற்றி, அவள் ரத்தத்தையே ஊற வைத்தார். அறுக்கும்போது வழிவதை உறிஞ்சி மெஷினில் கழுவி அவளுக்கே திருப்பி விடுவோம் என்றார். காலமெல்லாம் துணி வெளுத்தவன் வேறென்ன கேட்பேன், சாயம் போயிடாதா டாக்டர் என்று கேட்டுத் தொலைத்தேன். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

சொன்னபடியே வெளி ரத்தம் ஒரு சொட்டுகூட இல்லாமல் முடித்துவிட்டார்கள். அம்மா தெளிந்ததும், யாரோ சொல்லித் தெரிய வேண்டாமென்று நானே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும், "நீங்க ஆகாதுன்னு என் உடம்புக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியல" என்றாள். நர்ஸ் வந்து வெளியே அனுப்பும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், விடவில்லை அவளும்.

உனக்கும் நாள் நெருங்குகிறது. இதையெல்லாம் உன் டாக்டரிடம் சொல், இப்போதே ரத்தத்தைச் சோதிக்கச் சொல், உடம்பில் இரும்புச்சத்து குறையவிடாதே. ஒரே குரூப் என்று மாப்பிள்ளை என்னைப்போல் கையை நீட்டினால், மாமா கதையைச் சொல்லி உட்கார வை. தாயும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நூறு வருடம் இருங்கள்.

இப்படிக்கு,
உன் அம்மாவுக்கு ஆகாத, அவளை விட்டால் வேறு கதியில்லாத
அப்பா