கால்மாட்டில் ஒரு மணல் மூட்டை

ஜூன் 9, திங்கள்

மல்லாந்து படுத்து எழுதினால் பேனாவில் மை இறங்குவதில்லை. பென்சிலில் எழுதுகிறேன்.

நிலவரம்: வலது தொடை எலும்பு இரண்டு துண்டு. போன வியாழக்கிழமை கல்லூரிக்கு எதிரே சாலையைக் கடக்கும்போது ஒரு சரக்கு வேன். கவிதை வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று போய்க்கொண்டிருந்தேன். வேனுக்கு அது தெரியாது.

முட்டிக்குக் கீழே எலும்பின் குறுக்கே ஒரு கம்பியைச் செலுத்தியிருக்கிறார்கள். கம்பியில் கயிறு. கயிறு கட்டிலின் கால்மாட்டில் உள்ள உருளை மேலேறி, அந்தப் பக்கம் ஒரு மணல் மூட்டையில் முடிகிறது. மூட்டை தரையைத் தொடாமல் தொங்கி, இரவும் பகலும் காலை இழுக்கிறது. கட்டிலின் கால்மாட்டை மரக்கட்டை கொடுத்து உயர்த்தியிருப்பதால் மூட்டையை என்னால் பார்க்க முடியாது. இழுப்பு மட்டும் தெரியும். கடவுளைப் பற்றி இப்படித்தான் சொல்வார்கள்.

ஆட்டோக்காரரைப் பற்றி எழுதியாக வேண்டும். கூட்டம் என்னை அப்படியே அள்ளித் தூக்கப் பார்த்தது. அவர் குறுக்கே வந்து நின்றார். "யாரும் கால்ல கை வைக்காதீங்க." என் துப்பட்டாவாலும் தன் துண்டாலும் உடைந்த காலை நல்ல காலோடு சேர்த்துக் கட்டினார். பின் சீட்டில் நீளவாக்கில் கிடத்தினார். ஒவ்வொரு வேகத்தடையிலும் "மன்னிச்சுக்கம்மா" என்றார், அதை அவரே போட்ட மாதிரி. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வராததற்கு அந்தக் கட்டுதான் காரணம் என்கிறார் எலும்பு டாக்டர்.

பெயர் கேட்கவில்லை. துண்டு என்னிடம் இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

எலும்புக்குள் செலுத்த வேண்டிய நீளக் கம்பி நகரத்திலிருந்து வரவில்லை. ஆபரேஷன் இல்லை.

ஜூன் 11, புதன்

இது விழுந்தவர்களின் வார்டு. நோயாளி என்று யாரும் இல்லை. எல்லோரும் சற்று முன்பு வரை நன்றாக இருந்தவர்கள். அதனால் எல்லோர் முகத்திலும் ஒரே ஆச்சரியம்.

இடப்பக்கக் கட்டில்: பஸ் கண்டக்டர் அக்கா. படியிலிருந்து விழுந்து கணுக்கால் போய்விட்டது. மாவுக்கட்டு. "இத்தன வருஷமா உள்ள போ உள்ள போன்னு கத்துனவ நானு. கடைசியில நானே வெளிய போயிட்டேன்." என்னை டீச்சர் என்கிறாள். பள்ளிக்கூடம் இல்லை, கல்லூரி என்று திருத்தினேன். "சரி, பெரிய டீச்சர்."

வலப்பக்கக் கட்டில்: கட்டட வேலை செய்யும் பெண். சாரம் சரிந்து விழுந்தாள். முதலில் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை. அடுத்ததில் டாக்டர் இருந்தார், மயக்க மருந்து கொடுக்க ஆள் இல்லை. வண்டி மாறி வண்டி மாறி இங்கே வந்து சேர்ந்தபோது காலில் ரத்த ஓட்டம் நின்றுபோயிருந்தது. முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். என்னைவிடச் சின்னவள். போர்வை ஒரு பக்கம் சட்டென்று தட்டையாகிவிடுகிறது. அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகிவருகிறேன். பழகக் கூடாது.

நான் விழுந்த இடத்திலிருந்து இந்த ஆஸ்பத்திரி ஒரு டீ ஆறும் தூரம். அவளுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் படிப்பு இல்லை, உழைப்பு இல்லை, நல்லவள் கெட்டவள் இல்லை. தூரம்.

ஜூன் 12, வியாழன்

மதியம் இழுப்பு நின்றது போல இருந்தது. ஆனால் தொடைக்குள் மீன் துள்ளுவது போல ஒரு துடிப்பு. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அம்மா நெற்றியைத் தடவிக்கொண்டே கேட்டாள். "இப்ப பரவால்லயா? இழுக்கலல்ல?"

இழுக்கவில்லைதான். பரவாயில்லை என்றேன். அவள் முகத்துக்காகச் சொன்னது அது.

மாலை சிஸ்டர் வரும் நேரத்துக்கு இழுப்பு திரும்பிவிட்டது. வலிக்கும் ஆபீஸ் நேரம் உண்டு போலிருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

கம்பி வந்தது. என்னைத் தியேட்டர் வாசல் வரை தள்ளிக்கொண்டு போனார்கள். மூட்டையை அவிழ்த்துவிட்டு, ஒரு பணியாளர் கயிற்றைக் கையாலேயே இழுத்துப் பிடித்தபடி கூட நடந்து வந்தார். காலைப் பிடித்துக்கொண்டு நடப்பது என்றால் கெஞ்சுவது என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

மயக்க டாக்டர் மூன்று ஆஸ்பத்திரிகளுக்கு ஒருவர். செவ்வாயும் வெள்ளியும் இங்கே. நெற்றியில் ஹெல்மெட் அழுத்திய தடம். என் முதுகைத் தடவி ஊசிக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தபோது பிரசவ வார்டிலிருந்து ஓடிவந்தார்கள். குழந்தையின் நாடி இறங்குகிறது. உடனே வயிற்றைத் திறக்க வேண்டும்.

அவர் என் பக்கம் குனிந்தார். "ரெண்டு உயிரும்மா. நீங்க கொஞ்சம்..."

"போங்க டாக்டர்."

இதில் பெருந்தன்மை ஒன்றும் இல்லை. வேறு என்ன சொல்ல முடியும்? ஆனால் என்னிடம் கேட்டார். அந்த ஓட்டத்திலும் நின்று கேட்டார்.

அதற்குப் பின்னால் இன்னொரு அவசரம். அதோடு வெள்ளிக்கிழமை தீர்ந்துபோனது. வார்டுக்குத் திரும்பினேன்.

"என்ன டீச்சர், பஸ்ஸு ஃபுல்லா?" என்றாள் கண்டக்டர் அக்கா.

சிரித்தேன். பிறகு அழுதேன். யார் மேல கோவப்படுறது நான்? கொழந்த மேலயா?

ஜூன் 14, சனி

பெண் குழந்தை. இருவரும் நலம். பெரிய சிஸ்டர் இதைச் சொல்வதற்கென்றே இந்த வார்டு வரை நடந்து வந்தார்.

ஜூன் 16, திங்கள்

காலையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தார். போன வாரம் நேர்கோட்டுக்கு வந்துகொண்டிருந்த துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன. முடிச்சைப் பார்த்தார். உருளையைச் சுற்றிப் பார்த்தார். மூட்டையைத் தூக்கிப் பார்த்தார். எல்லாம் சரி. நெற்றியைச் சொறிந்துகொண்டு போனார்.

மதியம் சொல்லாமல் திரும்பி வந்தார்.

கால்மாட்டில் குனிந்தவர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது: மூட்டை ஒரு முக்காலி மேல் உட்கார்ந்திருந்தது. மூட்டைக்கு வலிக்கக் கூடாது என்பது போல அடியில் ஆட்டோக்காரரின் துண்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"இது யாரு வெச்சது?"

அம்மா எழுந்து நின்றாள். "நான்தாங்க. ராப்பகலா இழுத்துக்கிட்டே இருக்கே, பிள்ளைக்குக் கால் விட்டுப் போயிடுமேன்னு பயம். நீங்க வந்துட்டுப் போனதும் கொஞ்ச நேரம் எளைப்பாறட்டும்னு வெப்பேன். சிஸ்டர் வர்றதுக்குள்ள எடுத்துருவேன்."

"தினமுமா?"

அம்மா தலையை மட்டும் அசைத்தாள்.

பிறகு இடப்பக்கத்திலிருந்து: "முக்காலி என்னோடது டாக்டர். நான்தான் குடுத்தேன்." வலப்பக்கத்திலிருந்து, மிகச் சன்னமாக: "சிஸ்டர் வந்தா நான் இருமுவேன்."

கட்டிலில் கிடந்த எனக்கு மட்டும் தெரியாமல் என் காலுக்காக ஒரு வார்டே சதி செய்திருக்கிறது.

டாக்டர் மூட்டையை மெதுவாகத் தொங்கவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். அந்த முக்காலியிலேயே உட்கார்ந்தார். என் பென்சிலையும் தன் பேனாவையும் நுனியோடு நுனி வைத்துக் காட்டினார். "தொடைச் சதை சும்மா இருக்காதும்மா. எந்நேரமும் சுருங்கப் பாக்கும். இந்த மூட்டை எதிர்த்து இழுத்துப் பிடிக்குது. மூட்டை உக்காந்துட்டா சதை ஜெயிச்சிரும், எலும்பு ஏறிக்கும்." பென்சில் பேனா மேல் ஏறியது. "பிள்ளைக்கு வலிக்கும்னு நீங்க முக்காலி வெச்சீங்க. மூட்டை உக்காந்த நேரம்தான் பிள்ளைக்குத் தொடை துடிச்சிருக்கும்."

அம்மா பென்சிலையே பார்த்தாள்.

"மொத நாளே உங்கள நிக்க வெச்சு இதச் சொல்லியிருக்கணும். யாரும் சொல்லல. ரெண்டு சிஸ்டர், இத்தனை கட்டில். அது எங்க தப்பு."

நாளைக்கு ஆபரேஷன் இல்லை. எடையைக் கூட்டி வெள்ளி வரை இழுக்க வேண்டும். அதற்குள் புது எலும்பு வளர்ந்து ஒட்டிக்கொண்டால் ஏறிய துண்டு இறங்காது. கால் குட்டையாகவே நின்றுவிடும்.

அம்மா சாப்பிடவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

அவள் மேல் கோபம் இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தேன். இருந்தது. மதியம் வரை இருந்தது. ஏம்மா ஒரு வார்த்தை கேக்கல, வகுப்புல நின்னுதானே நான் பாடம் எடுக்கணும், நொண்டிக்கிட்டு நின்னா எவ கேப்பா... ஒன்றையும் வாயால் சொல்லவில்லை.

பிறகு ஞாபகம் வந்தது. பரவாயில்லை என்று சொன்னவள் நான். துடிக்குது என்று சொல்லியிருந்தால் அவள் அன்றே சிஸ்டரைக் கூப்பிட்டிருப்பாள். ஒருவருக்காக ஒருவர் மறைத்தோம். நடுவில் எலும்பு ஏறிவிட்டது.

ஜூன் 18, புதன்

கூடுதல் எடை. முனகியிருக்கிறேன் போல. வலப்பக்கக் கட்டிலிலிருந்து அவள் முதல் தடவையாக நேராக என்னிடம் பேசினாள்.

"இழுக்குதாக்கா?"

"ம்."

"இழுக்கட்டும். இருக்குற கால்தான் இழுக்கும்."

கையை நீட்டினேன். எட்டவில்லை. அவள் தன் ஊன்றுகோலை நீட்டினாள். அதன் ரப்பர் நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

ஜூன் 19, வியாழன்

அம்மா இப்போது மூட்டைக்குக் காவல். கூட்ட வந்தவளிடம்: "துடப்பம் பட்டுறப் போவுது, தள்ளிக் கூட்டு தாயி." என்னைப் பார்க்க வந்த துறைத்தலைவர் கட்டில் கம்பியில் கை வைத்து நின்றதற்கு: "சார், அங்க நிக்காதீங்க, அது தொங்கணும்." அவர் திடுக்கிட்டு சுவரோடு ஒட்டிக்கொண்டார். கடைசி வரை அங்கிருந்தே நலம் விசாரித்தார்.

"உங்கள ஒரு நாள் எங்க பஸ்ஸுல ஏத்திவிட்டா போதும், ஒரு பய படியில நிக்க மாட்டான்," என்றாள் கண்டக்டர் அக்கா.

அம்மா சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக உடனே என்னைப் பார்த்தாள். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டாள்.

மாலை எக்ஸ்ரே. இறங்கியிருக்கிறது, முழுவதும் இல்லை. டாக்டர் சுண்டு விரலின் அகலத்தைக் காட்டினார். "இவ்வளவு மிச்சம். தியேட்டர்ல இன்னும் இழுத்துப் பாக்கறேன். முழுசா வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

சத்தியம் செய்யாதவர்களை நம்பத் தோன்றுகிறது.

ஜூன் 20, வெள்ளி

இன்று. யாருக்கும் எந்த அவசரமும் வராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இது சுயநலமா, பொதுநலமா?

ஜூன் 22, ஞாயிறு

முடிந்தது. என் தொடைக்குள் இப்போது ஒரு கம்பி. வெளியே கயிறும் இல்லை, மூட்டையும் இல்லை.

இடுப்புக்குக் கீழே உடம்பே இல்லாமல் விழித்திருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம். தச்சுப் பட்டறை. மயக்க டாக்டர் தலைமாட்டில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார்.

"என்ன பாடம் எடுக்கறீங்க?"

"கவிதை."

"அய்யய்யோ. அதுல நான் ஜஸ்ட் பாஸ்."

"உங்க பாடத்துல நானும்தான். எனக்குத் தூக்கமே வரல."

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். "சிரிக்க வேணாம், எலும்பு ஆடுது," என்றது திரைக்கு அந்தப் பக்கக் குரல்.

நடுவில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் உறுமும் வரை இருட்டு. ஒரு கை மட்டும் என் தோளை அழுத்திக்கொண்டிருந்தது. யாருடையது என்று தெரியாது. விளக்கு வந்தபோது எடுத்துவிட்டார்கள்.

வகுப்பில் நன்றியுணர்ச்சி என்று கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். உதாரணம் கேட்டால் இனி திணற மாட்டேன். துண்டால் கட்டிய கை, கயிற்றைப் பிடித்த கை, தோளில் இருந்த கை. முக்காலி வைத்த கையையும் சேர்த்துத்தான்.

ஜூன் 27, வெள்ளி

நின்றேன். தரை அவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று நினைக்கவில்லை.

ஜூலை 3, வியாழன்

வீடு. கிளம்பும்போது கண்டக்டர் அக்கா விசில் அடித்தாள், இரண்டு தடவை. அவர்கள் மொழியில் அதற்கு 'போகலாம்' என்று அர்த்தமாம். வலப்பக்கக் கட்டில் காலியாக இருந்தது. செயற்கைக் கால் பொருத்திப் பழக்கும் இடத்துக்கு அவளை அனுப்பியிருக்கிறார்கள். அதற்கும் வரிசை உண்டு. அவள் ஊரிலிருந்து வெகு தூரமாம். மறுபடி தூரம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

டாக்டர் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை டேப் வைத்து அளந்தார். இரண்டு காலையும். மறுபடியும். எலும்பு நன்றாகச் சேர்ந்திருக்கிறது. வலது கால் அரை விரல் அகலம் குட்டை.

அம்மா கேட்டாள். "அந்த முக்காலியாலதானே?"

அவர் டேப்பை மெதுவாகச் சுருட்டினார். "தொடை எலும்பு உடைஞ்சா மறுநாளே கம்பி போட்டுறணும்மா. இங்க ரெண்டு வாரத்துக்கு மேல காத்திருக்க வேண்டியதாப் போச்சு. அவ்வளவு காத்திருந்தா இப்படிக் கொஞ்சம் குறையறது உண்டு."

ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் அதில் இல்லை. அல்லது பெரிய கேள்விக்கு அதுதான் பதிலா?

அம்மா யோசித்தாள். "அப்போ இன்னொரு மயக்க டாக்டர் இருந்திருந்தா..."

"ஆமாம்மா."

வெளியே வந்ததும் அம்மா என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பழையபடி அதட்டலாகப் பேசினாள். அந்த டாக்டருக்கு நான் பட்ட கடன்களில் இந்தப் பதில்தான் பெரியது.

செப்டம்பர் 4, வியாழன்

செருப்பு தைப்பவர் வலது செருப்புக்கு மட்டும் கூடுதலாக ஓர் அடித்தோல் வைத்துத் தைத்தார். "நடந்து காட்டு பாப்பா." நடந்தேன். சாய்ந்து பார்த்தார். "இன்னும் ஒரு சுத்து," என்றார். நடந்தேன். யாருக்கும் தெரியாது என்று தீர்ப்புச் சொன்னார். எனக்குத் தெரியும். அது போதும்.

நவம்பர் 17, திங்கள்

வகுப்பு முடிந்து அம்மாவோடு கண்ணாடிக் கடைக்குப் போனேன். அவளுடைய புதுக் கண்ணாடி தயாராகிவிட்டதாம். மேட்டுத் தெரு வழியாகத்தான் போக வேண்டும். மழை விட்டிருந்தது. கடைகளின் படியில் குடைகளை விரித்துக் காயப்போட்டிருந்தார்கள். நாளைக்கு எடுக்க வேண்டிய பாடத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஏறினேன். முதல் வரியை எப்படித் தொடங்குவது, எந்த இடத்தில் நிறுத்துவது. காலைப் பற்றி நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது.

அம்மாவிடம் ஏதோ கேட்கத் திரும்பினேன். பக்கத்தில் ஆள் இல்லை. தெருவின் பாதியில், மளிகைக் கடை முன்னால், இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது.

"யாரோ தொரத்துற மாதிரி என்னடி நடை இது. நில்லு, நானும் வரேன்ல."